ஏனியாஸின் கப்பலும் ஹாஷிம் குலமும்: இரண்டு பூர்வீகக் கதைகள் பற்றிய மதிப்பீடு

நாமக்கல் சமவெளியின் தென்விளிம்பில், காவிரியின் வடகரையில் அமைந்த ஊர் மோகனூர். எதிர்க்கரையில் வாங்கல், அதிலிருந்து சில கல் தொலைவில் கரூர். சங்க காலச் சேரரின் வஞ்சி மாநகர் இந்தக் கரூரே என்பாரும், அது மேற்குக் கடற்கரையில் இருந்தது என்பாரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். அவ்வாதம் எவ்வாறு முடியினும் ஒன்று மாறப்போவதில்லை. கரூரை ஒட்டி ஓடும் அமராவதியின் மணலிலிருந்து ரோமப் பேரரசின் வெள்ளிக் காசுகளும் செப்புக் காசுகளும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1995இல் தாம் எழுதிய ஆங்கில நூலுக்கு ‘ரோமன் கரூர்’ என்றே பெயரிட்டார்.

அக்காசுகளைக் கொண்டுவந்தவர்களைத் தமிழர் ‘யவனர்’ என்று அழைத்தனர். கிரேக்கரின் ஒரு பிரிவான அயோனியரைப் பாரசீகர் ‘யௌனா’ என்றனர். அது வடமொழியில் யவனமாகவும் பாளியில் யோன, யோனக எனவும் வழங்கி, தமிழில் கிரேக்கரையும் ரோமரையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லாயிற்று. பின்னர் ரோமக் கப்பல்களின் வரவு குன்றி, மேற்கிலிருந்து வந்த வணிகர் அரபியராக இருந்த காலத்தில், அதே சொல் ‘சோனகர்’ என உருமாறி அவர்களின் மீது படிந்தது. ஆக, தமிழகத்திலும் இலங்கையிலும் வாழும் முஸ்லிம்களில் ஒரு பெரும் பகுதியினரின் பெயர் ரோமரிடமிருந்து கைமாறிய பெயராகும். இலங்கையில் போர்ச்சுகீசியர் இட்ட மற்றொரு பெயரான ‘மூர்’ என்பதும் அப்படியே. வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதி மக்களை ரோமர் ‘மௌரி’ என்றழைத்த வழக்கிலிருந்தே அது பிறந்தது. ஒரு சமூகத்துக்கு வாய்த்த இரண்டு பெயர்களுள் ஒன்று ஈஜியன் கடற்கரையிலிருந்தும், மற்றொன்று ரோம மாகாணம் ஒன்றிலிருந்தும் வந்திருக்கின்றன. இரண்டிலும் அரேபியா இல்லை. பெயரை வைத்துப் பூர்வீகத்தைத் தேடுவோர் முதலில் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது.

இவ்விரு மக்களும் தம் தோற்றத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதைகளை அருகருகே வைத்துப் படித்தல் பயனுடையது என்பது நமது கருத்து. ரோமருடைய கதை வர்ஜிலின் காவியத்திலும் லிவியின் வரலாற்றிலும் நிலைபெற்றது. சோனகருடைய கதை, பொன்னம்பலம் இராமநாதனுக்கு மறுப்பாக ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் வெளியிட்ட ஆங்கில நூலில் தன் முழு உருவை அடைந்தது. காவியத்தையும் கண்டன நூலையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். இரண்டும் ஒரே வினாவுக்கு விடை கூறுகின்றன என்பதே நம் சமாதானம்.

ரோமரின் கதை ஒன்றன்று, இரண்டு. திராய் நகரம் எரிந்தபோது முதிய தந்தையைத் தோளில் சுமந்து வெளியேறிய ஏனியாஸ், கடல்கள் பல கடந்து இத்தாலியில் இறங்கி, இலத்தீன் அரசன் மகளை மணந்து ஒரு குலத்தைத் தோற்றுவித்தான் என்பது ஒன்று. ஓநாயின் பால் குடித்து வளர்ந்த ரோமுலஸ், உடன்பிறந்த ரீமஸைக் கொன்று, தன் புதிய ஊரை மக்களால் நிரப்புவதற்காக ஒரு புகலிடத்தைத் திறந்துவைத்து, அடிமை என்றும் குடிமகன் என்றும் பாராமல் வந்தோரை எல்லாம் சேர்த்துக்கொண்டான் என்பது மற்றொன்று. பெண்கள் போதாமையால் அண்டை நாட்டுச் சபைன் பெண்களைக் கவர்ந்து வந்ததும் அதனுடன் சேர்ந்த கதையே. முதற்கதை பெருமை தருவது. இரண்டாவது எந்தக் குலத்துக்கும் பெருமை தராதது. ரோமர் இரண்டையும் வைத்துக்கொண்டனர்.

இரண்டையும் இணைப்பதில் அவர்களுக்கு ஒரு கணக்குச் சிக்கல் இருந்தது. திராயின் வீழ்ச்சிக்குக் கிரேக்க அறிஞர் கணித்த ஆண்டு கி.மு. 1184, ரோமாபுரியின் தோற்றத்துக்கு வர்ரோ கணித்த ஆண்டு கி.மு. 753. நடுவிலுள்ள நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெற்றிடத்தை நிரப்ப ஆல்பா லாங்கா என்னும் ஊரில் ஓர் அரசர் பட்டியலே உருவாக்கப்பட்டது. லிவி இவற்றை எல்லாம் நம்பினாரா? தம் முன்னுரையில் அவர் இக்கதைகளை நிறுவவும் முற்படவில்லை, மறுக்கவும் முற்படவில்லை. உலகை வென்ற மக்கள் தம் தோற்றத்தைத் தெய்வங்களுடன் சேர்த்துக்கொள்வதைப் பிறர் பொறுத்துக்கொள்ளலாம் என்ற போக்கில் நகைப்புடன் கடந்து செல்கிறார். வரலாற்றாசிரியர் ஒருவருக்கு அந்த அளவு நிதானம் வாய்த்திருப்பது வியப்புக்குரியது.

அரபு வரலாற்றாசிரியர்களும் ரோமரின் வம்சத்தை ஆராயாமல் விடவில்லை. திருமறையின் முப்பதாவது அத்தியாயம் அம்மக்களின் பெயரையே தாங்கி நிற்கும்போது அவர்கள் யாருடைய மக்கள் என்ற வினா எழுவது இயல்பே. இஸ்ஹாக் நபியின் மகன் ஈஸ் வழியில் வந்தவர்கள் ரோமர் என்ற செய்தியைத் தபரீ, மஸ்ஊதீ ஆகியோரின் நூல்களில் காணலாம். ஹிரக்லின் அவையிலிருந்து வெளியே வந்த அபூஸுஃப்யான் அம்மன்னரை ‘பனுல் அஸ்ஃபர்’ என்னும் மஞ்சள் நிறத்தார் மக்களின் அரசர் என்று சுட்டியது ஹதீஸ் நூலில் பதிவாகியுள்ளது. நபி இப்ராஹீமின் குடும்ப மரத்தில் ஒரு கிளையாக ரோமரைப் பொருத்திவிட்டால் உலகம் ஓர் ஒழுங்குக்குள் வந்துவிடுகிறது. ஏனியாஸ் செய்ததும் அதே வேலைதான். அவன் ரோமரை ஹோமரின் உலகத்துக்குள் பொருத்தினான்.

இனி இலங்கைக்கு வருவோம். 1888இல் இராமநாதன், ராயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை படித்தார். சோனகரின் மொழி தமிழ், திருமணச் சடங்குகளில் பல தமிழருடையவை, தோற்றமும் தமிழருடையதே, எனவே அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய தமிழரே என்பது அவருடைய முடிவு. அப்போது அவர் சட்டநிரூபண சபையில் தமிழ் பேசும் மக்களின் பிரதிநிதி. அடுத்த ஆண்டே, 1889இல், அச்சபையில் சோனகருக்கெனத் தனி உறுப்பினர் இடம் ஏற்படுத்தப்பட்டது. இந்த நெருக்கம் தற்செயலானதன்று என்று பின்வந்தோர் கருதியதில் நியாயம் உண்டு.

இராமநாதனின் கட்டுரையைப் படிக்கையில் நமக்கு நினைவுக்கு வருபவர் ஹாலிகார்னாஸஸ் ஊரினரான டயோனிசியஸ். கி.மு. 30ஆம் ஆண்டளவில் ரோமாபுரிக்கு வந்து குடியேறிய இக்கிரேக்க அறிஞர், ரோமரின் தொன்மை பற்றிய பெருநூல் ஒன்றை எழுதினார். ரோமர் தொடக்கத்தில் கிரேக்கரே என்பது அதன் சாரம். அறிவிலும் நூற்பரப்பிலும் தம்மை மேலாகக் கருதிய ஒரு சமூகம், அண்டையில் வளரும் மற்றொன்றைப் பார்த்து, ‘நீங்களும் எம்மவரே’ என்று சொல்லும் அழைப்பு அது. அதில் அன்பும் இருக்கலாம், ஆட்சியும் இருக்கலாம். ரோமரிடம் படை இருந்தமையால் டயோனிசியஸின் வாதம் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. இலங்கைச் சோனகரிடம் படையும் இல்லை, அதிகாரமும் இல்லை. இராமநாதனின் வாதம் அவர்களுக்குச் சபையில் ஓர் இடத்தின் இழப்பாக வந்து சேரக்கூடியது. ஆகவே அவர்கள் மறுத்தாக வேண்டியிருந்தது.

அப்துல் அஸீஸ் மறுத்தார். மூர்ஸ் யூனியன் என்ற அமைப்பின் தலைவராக இருந்த அவருடைய நூலை நேர்மையாகப் படிப்போர் அதன் வாதத்திறத்தைப் பாராட்டாமல் இருக்கவியலாது. மொழியைக் கொண்டு இனத்தைத் தீர்மானிக்க முடியாது என்று அவர் கூறுவது முற்றிலும் சரி. நபித்தோழர் ஸுஹைப் அதற்கு நம் வரலாற்றிலேயே உள்ள சான்று. பிறப்பால் அரபியரான அவர், சிறுவயதில் ரோமரால் சிறைபிடிக்கப்பட்டு அவர்கள் மொழியில் வளர்ந்தமையால் ஸுஹைப் ரூமி என்றே அறியப்பட்டார். வழக்கங்கள் அண்டை வீட்டிலிருந்து தொற்றிக்கொள்பவை என்பதும் உண்மை. இராமநாதனின் நோக்கத்தில் அரசியல் கலந்திருந்தது என அஸீஸ் ஐயுற்றதையும் குறைகூற வழியில்லை. 1883இல் நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்த எகிப்தியத் தலைவர் உராபி பாஷா 1901 வரை அங்கே வாழ்ந்தார். வழக்கறிஞர் எம்.ஸி. அப்துல் காதர் நீதிமன்றத்தில் துருக்கித் தொப்பியைக் கழற்ற மறுத்ததால் எழுந்த கிளர்ச்சி 1905ஆம் ஆண்டுக்குரியது. இந்தச் சூழலில் ஒரு சோனக அறிஞர் மேற்கே, அரபுலகை நோக்கித் திரும்பியது இயற்கையே.

மறுப்பில் வலுவாக நிற்கும் அஸீஸ், நிறுவுதலில் சறுக்குகிறார். சோனகரின் மூதாதையர் ஹாஷிம் குலத்து அரபியர் என்றும், கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் கொடுமைக்கு அஞ்சி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் கடந்து இலங்கையில் குடியேறினர் என்றும் ஒரு மரபு உண்டு. இலங்கையின் தலைமை நீதிபதியாக இருந்த அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் 1827இல் இதை எழுத்தில் பதிந்தார். அஸீஸின் கட்டடம் இம்மரபின் மேல்தான் எழுகிறது. அப்துல் மலிக் இறந்ததோ கி.பி. 705இல், கதை சொல்லும் ‘எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம்’ அவருடைய ஆட்சியின் கடைசிச் சில ஆண்டுகளுக்குள் நெருக்கியடித்து நிற்க வேண்டியதாகிறது. இதற்கு முன்பே, 1810இல், மார்க் வில்க்ஸ் தென்னிந்திய வரலாற்றில் இதே கதையை வேறொரு வடிவில் தருகிறார். அதில் கொடுமை செய்பவர் ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப். தப்பியோரில் ஒரு சாரார் கொங்கணத்தில் இறங்கி நவாயத்துகள் ஆயினர், மற்றொரு சாரார் குமரிமுனைக்குக் கிழக்கே இறங்கி லப்பைகள் ஆயினர். கொங்கணமும் கீழைக்கரையும் இலங்கையும் ஒரே கப்பல் கூட்டத்துக்கு உரிமை கோருகின்றன. ஒரே கதை பல துறைமுகங்களில் இறங்கியிருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். ஏனியாஸும் இத்தாலிக்கு வருமுன் எத்தனையோ துறைமுகங்களில் தன் பெயரை விட்டுச் சென்றவனே.

இவ்விடத்தில் அஸீஸுக்கு உதவியிருக்கக்கூடிய ஒரு சான்றைக் குறிப்பிட வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பலாதுரீ, சிந்து வெற்றிக்குக் காரணமான நிகழ்ச்சியை விவரிக்கிறார். ‘மாணிக்கத் தீவின்’ அரசர், தம் நாட்டில் பிறந்த முஸ்லிம் பெண்கள் சிலரை ஹஜ்ஜாஜிடம் கப்பலில் அனுப்பிவைத்தார். அப்பெண்களின் தந்தையர் வணிகர்கள், அத்தீவிலேயே இறந்துபோனவர்கள். கப்பல் தேபல் அருகே கொள்ளையிடப்பட, அதைக் கேட்டு ஹஜ்ஜாஜ் கொதித்தெழுந்தார் என்பது செய்தி. மாணிக்கத் தீவு என்பது இலங்கை. அகதிக் கதையைவிட இது எவ்வளவோ உறுதியான ஆதாரம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன என்பதை இது காட்டிவிடுகிறது. ஆனால் இதன் பாத்திரங்கள் முற்றிலும் வேறு. இங்கே ஹஜ்ஜாஜ் விரட்டுபவர் அல்லர், அபயக்குரலுக்குச் செவிசாய்ப்பவர். மூதாதையர் ஹாஷிம் குலத் தலைவர்கள் அல்லர், பெயர் அறியப்படாத வணிகர்கள். அனைத்தையும்விட முக்கியமாக, அத்தீவில் பிறந்த பெண்களுக்குத் தாய்மார்கள் இருந்திருக்க வேண்டும். பலாதுரீ அவர்களைப் பற்றிப் பேசவில்லை. பருவக்காற்றை எதிர்பார்த்து வந்துபோன வணிகர் பெரும்பாலும் தனியே வந்தவர்கள் என்பதைக் கருதினால், அத்தாய்மார் அம்மண்ணின் பெண்களாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அஸீஸின் நூலில் இத்தாய்மாருக்குப் போதிய இடம் இல்லை என்பதே அதன் மீது நாம் வைக்கும் முதன்மையான குறை. தந்தை வழியே வம்சம் என்ற அளவுகோலை ஏற்றுக்கொண்டபின் தமிழ்மொழி அவருக்கு வணிகத்தின் பொருட்டு எடுத்து உடுத்திக்கொண்ட ஆடையாகிவிடுகிறது. ஒரு மக்கள் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் பயன்படுத்தும் மொழி, சந்தைக்குப் போய் வாங்கி வந்த மொழியாக இருக்க முடியுமா? தமிழில் ஒரு மாபெரும் இலக்கியப் பரப்பைப் படைத்த சமூகம் இது. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடினார். சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி, 1885இல் ‘அசன்பேயுடைய கதை’யைத் தமிழுக்குத் தந்தார். இவ்வளவுக்கும் பிறகு அம்மொழியைக் கடன் வாங்கியது என்று கூறுவது, இராமநாதனை வெல்வதற்காகச் சொந்த வீட்டில் ஓர் அறையைப் பூட்டிவிடுவது போன்றது.

வர்ஜில் இவ்விடத்தில் அஸீஸை விட ஆழமாகப் பார்த்திருக்கிறார். அவருடைய காவியத்தின் இறுதிப் பகுதியில், திராய் மக்களைத் தொடக்கம் முதல் பகைத்துவந்த ஜூனோ தன் பகையைக் கைவிட ஒரு நிபந்தனை விதிக்கிறாள். இலத்தீன் மக்கள் தம் பெயரையும் மொழியையும் உடையையும் இழக்கலாகாது. வந்தவர்களே அவர்களுக்குள் கரைய வேண்டும். ஜூப்பிட்டர் அதற்கு இசைகிறார். கடல் கடந்து வந்த வீரனின் மக்கள் தாயின் மொழியைப் பேசுவார்கள் என்பது அக்காவியத்தில் சமாதானத்தின் விலையாக வைக்கப்பட்டுள்ளது, இழுக்காக அன்று. புராண நம்பிக்கைகளை விலக்கிவிட்டு இக்கட்டத்தைப் படித்தாலும், குடிபெயர்ந்தோர் வரலாற்றில் உண்மையில் நிகழ்வதை இது துல்லியமாகச் சொல்கிறது. சோனகரின் வரலாற்றை எழுத முற்பட்ட எவருக்கும் இதைவிடப் பொருத்தமான சட்டகம் கிடைத்திராது. ஆனால் காலனிய ஆட்சியின் குடிமதிப்புப் பதிவேட்டில் ஒரு கட்டத்துக்குள் ஓர் இனப்பெயரைத்தானே எழுத முடியும்? ‘அரபியரும் தமிழரும்’ என்று எழுத அதில் இடமில்லை. இராமநாதனும் அஸீஸும் அந்தக் கட்டத்தின் கைதிகளே.

இத்தகைய வாதங்கள் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது 70,000க்கு மேற்பட்டோர் சில நாள்களுக்குள் பிறந்த மண்ணை இழந்தனர். அவர்கள் பேசிய மொழி அவர்களைக் காக்கவில்லை. ‘நீங்களும் எம்மவரே’ என்ற அழைப்பும் ‘நீங்கள் எம்மவர் அல்லர்’ என்ற ஆணையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கக்கூடும் என்பதை அந்த மக்கள் அறிந்துகொண்டனர். இதற்கு 1888ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பொறுப்பாக்குவது வரலாற்று அநீதி. ஆயினும் இந்நிகழ்வுக்குப்பின் அஸீஸின் நூலைத் திறப்போர், அவருடைய பதற்றத்தை முன்போல எளிதாகப் புறந்தள்ளிவிட முடியாது.

வம்சப் பெருமை பற்றி நம்மவரிடம் தெளிந்த சிந்தனை இல்லாமலில்லை. இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், வம்சம் என்பது பெரிதும் எண்ணத்தில் வாழ்வது என்றும், மனிதரைப் பிணைக்கும் அளவுக்கே அதற்குப் பயனுண்டு என்றும் வாதிடுகிறார். உறவைப் பேணும் அளவுக்கு வம்சத்தை அறிந்துகொள்ளுமாறு பணிக்கும் நபிமொழியை அவர் அதற்குத் துணையாகக் கொள்கிறார். ஆட்சிக்கு வந்த பெர்பர் குலங்கள் அரபு வம்சாவளியைத் தேடிக்கொண்டதைச் சற்று எள்ளலுடனே பட்டியலிடுகிறார். திலிம்சானின் அரசர் யக்மராசன் அலவி வம்சத்தில் வந்தவர் என்று சிலர் புகழ்ந்தபோது, தமக்கு ஆட்சி கிடைத்தது வாளால், வம்சத்தால் அன்று என்ற பொருளில் தம் பெர்பர் மொழியிலேயே அவர் விடையளித்ததையும் இப்னு கல்தூன் எடுத்துரைக்கிறார். தம் மொழியிலேயே விடையளித்தார் என்ற அந்தச் சிறு குறிப்பை எழுதாமல் விட்டிருக்கலாம். இப்னு கல்தூன் விடவில்லை.

ரோமரும் ஒருவகையில் அவ்வாறே நடந்துகொண்டனர். கி.பி. 48இல் கால் நாட்டுப் பெருமக்களைச் செனட் அவையில் சேர்க்கலாமா என்ற வழக்கு எழுந்தபோது, பேரரசர் கிளாடியஸ் ரோமரின் தொல்கதைகளையே சான்றாக விரித்தார். தொடக்க கால அரசர்களிலேயே வெளியூரார் பலர் என்பது அவருடைய வாதம். அவ்வுரை பொறித்த வெண்கலப் பட்டயம் 1528இல் லியோன் நகரில் கிடைத்தது. திராயின் பெருமை காவியத்துக்கு உதவியது. ரோமுலஸின் புகலிடமோ ஆட்சிக்கு உதவியது. 2019இல் வெளியான மரபணு ஆய்வொன்று ரோமாபுரியிலும் சுற்றுப்புறத்திலுமாக 29 இடங்களிலிருந்து 127 பழங்கால மனிதரின் எச்சங்களைச் சோதித்து, இரும்புக் காலத்திலேயே அங்கு கலப்பு மிகுந்திருந்ததையும், பேரரசுக் காலத்தில் கிழக்கு மத்தியதரைப் பகுதியினர் பெருமளவில் வந்து சேர்ந்ததையும் கண்டது. திராயைவிடப் புகலிடக் கதையே உண்மைக்கு அருகில் இருந்திருக்கிறது.

நம்மிடம் புகலிடக் கதை இல்லையா? உண்டு, அதை நாம் எழுதி வைக்கவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில், அக்கரைப்பற்று போன்ற ஊர்களின் முஸ்லிம்கள் தாய்வழியே வரும் ‘குடி’களாகப் பிரிந்து வாழ்வதையும், பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிவாரியாக மரைக்காயர்கள் அமர்வதையும் மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அண்டையிலுள்ள தமிழ் இந்துக்களிடமும் அதே குடிமுறை உண்டு. அஸீஸ் விட்டுவிட்ட தாய்மார் அங்கே பள்ளிவாசல் வரைக்கும் வந்து அமர்ந்திருக்கின்றனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமகன் மனைவியின் வீட்டுக்குக் குடிபுகும் வழக்கம் தொடர்வதையும் இவ்வகையில் நோக்கலாம்.

உள்நாட்டுச் சமவெளிக்கு வந்தால் கடற்கதைகளே வற்றிவிடுகின்றன. சேலம், நாமக்கல், கரூர் வட்டாரத்து ராவுத்தர்களுக்குக் கப்பல் இல்லை, குதிரை உண்டு. அந்தக் குதிரையைத் துருக்கியிலிருந்து கொண்டுவருவாரும் உளர். ஆனால் ராவுத்தர் என்பது குதிரைவீரனைக் குறித்துத் தமிழில் நெடுங்காலம் வழங்கிய சொல். அருணகிரிநாதர் முருகனையே அச்சொல்லால் விளித்திருக்கிறார். அது தொழிற்பெயர், இனப்பெயர் அன்று. திருச்சியின் நத்ஹர் வலீயுடன் தம் முன்னோரின் இஸ்லாத்தை இணைத்துச் சொல்வோரின் மரபில், மார்க்கத்தைத் தழுவிய செய்தி மறைக்கப்படாமல் நிற்கிறது. தழுவியவர் யார், நெய்தவரா, உழுதவரா, எந்த ஊரார் என்பதைத்தான் யாரும் தொகுக்கவில்லை. கடற்கரையின் அரபு வம்சாவளிகளை அச்சிடுவதில் காட்டிய ஊக்கத்தில் ஒரு பங்கு இதற்கும் செலவிடப்பட்டிருக்கலாம்.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் ‘கொடிக்கால்காரர்’ என்ற ஒரு சிறு பதிவு உண்டு. வெற்றிலைக் கொடி பயிரிடும் லப்பைமாருக்கும், அதே தொழில் செய்யும் சேனைக்குடையாருக்கும் பொதுவான தொழிற்பெயர் என்று அதை அவர் குறித்துக்கொண்டு அடுத்த பதிவுக்குச் சென்றுவிடுகிறார். ஒரே கொடிக்காலில் நின்ற முஸ்லிமையும் முஸ்லிம் அல்லாதவரையும் ஒரே பெயரால் ஊர் அழைத்திருக்கிறது. பரமத்தி வேலூரிலும் மோகனூரிலும் காவிரிக் கரையோரமாக வெற்றிலைக் கொடிக்கால்கள் இன்றும் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்கும் வரலாறு எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.